மறு: மீக்கடத்துச் சுருணை மின்மாற்றி – சொல் பரிந்துரை

குழு அன்பர்களுக்கு வணக்கம். மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்; மிகு குளிரில் மின்தடையை இழக்கும் பொருள்) கொண்டு சுருணை, அதாவது கம்பிச் சுற்று, அமைத்த மின்மாற்றியை நம் கட்டுரைத் தொகுதியில் எப்படி அழைப்பது என்ற உரையாடலில் அன்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> மீக்கடத்தியில் மின்தடை சுழி என்பதால், ‘இழப்பிலா மின்மாற்றி’ என்றே சொல்லிவிடலாமே?

சொல் எளியதுதான், ஆனால் பொருள் பிழைபடுகிறது. மின்மாற்றியின் இழப்பு இரண்டு இடங்களில் நிகழ்கிறது. சுருணைக் கம்பியின் தடையால் விளையும் வெப்பம் ஒன்று. இரும்பு உள்ளகத்தில் காந்தத் தயக்கத்தாலும் சுழல் மின்னோட்டத்தாலும் விளையும் வெப்பம் மற்றொன்று. மீக்கடத்தி தொடுவது முதலாவதை மட்டுமே. அதிலும், தடை முற்றிலும் சுழியாவது நேர்மின்னோட்டத்துக்குத்தான். மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப் பாயம் மீக்கடத்தி நாடாவுக்குள் புகுந்தும் வெளியேறியும் சிறிது வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நீர்ம நைட்ரஜனின் 77 கெல்வினில் தோன்றும் ஒவ்வொரு வாட் வெப்பத்தையும் அகற்றக் குளிர்பதனி வெளியே பத்து முதல் இருபது வாட் வரை செலவிட வேண்டியிருப்பதால், இந்தச் சிறு இழப்புதான் இத்துறையினரின் பெரிய கவலை. கம்பியிழைகளை இடம் மாற்றிப் பின்னும் ரோபெல் வடத்தை நியூசிலாந்தில் உருவான 1 மெகாவோல்ட் ஆம்பியர் மின்மாற்றியில் பயன்படுத்தியதும் இதன் பொருட்டே.

‘மீக்கடத்தி மின்மாற்றி’ என்ற பரிந்துரையை நான் முழுமையாக மறுக்கவில்லை. எனினும், அது கருவி முழுவதும் மீக்கடத்திப் பொருளால் ஆனது போலவும், முழுவதும் உறைகுளிரில் இருப்பது போலவும் தோன்றச் செய்கிறது. உள்ளகத்தின் வெப்பத்தையும் 77 கெல்வினில் அகற்றப் புகுந்தால் கணக்குக் கட்டாது. ஆகவே, பொதுவாக இரும்பை அறை வெப்பநிலையிலேயே விட்டுவிட்டுச் சுருணைகளை மட்டும் குளிர்கலத்துக்குள் வைக்கிறார்கள். உள்ளகத்தைச் சூழும் அக்கலம் உலோக வளையமாக அமைந்தால் அதுவே குறுக்குச் சுற்றாகிவிடும் (ஷார்ட் சர்க்யூட்) என்பதால் கண்ணாடியிழைக் கலவையால் செய்கிறார்கள். ஜெனீவா நகர மின்வலையில் 1997-இல் ஏபிபி நிறுவனம் இணைத்த 630 கிலோவோல்ட் ஆம்பியர் மின்மாற்றியையும் சுருணையை வைத்தே அடையாளம் காண்கிறோம். எனவே ‘மீக்கடத்துச் சுருணை மின்மாற்றி’ என்பது நீளமானாலும் பொருந்துகிறது. ஒருமுறை விளக்கியபின் ‘மீச்சுருணை மின்மாற்றி’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

‘மீ’யை அடுத்துக் ககரம் மிகுமா (மீகடத்தியா, மீக்கடத்தியா) என்று கேட்டிருந்தவருக்கு: குறளில் ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்று மிகுந்தே வருகிறது. மீக்கடத்தி என்றே எழுதுவோம்.

இலங்கை அன்பர் ‘நிலைமாற்றி’ என்ற சொல்லை முன்வைத்தார். அங்கே பள்ளிப் பாடங்களில் நன்கு வேரூன்றிய சொல் அது. மற்ற இடங்களில் அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்த ஒரு கட்டுரைத் தொகுதியில் மட்டும் அது இடறும். மீக்கடத்தி இயல்புக் கடத்தியாகத் திரும்புவதையும் நாம் நிலைமாற்றம் என்றுதான் சொல்கிறோம். ‘நிலைமாற்றியில் நிலைமாற்றம்’ என்று எழுதினால் படிப்பவர் எதைப் பற்றிக்கொள்வார்?

இனி, எனக்கு உண்மையில் தூக்கம் கெடுக்கும் சொல்லுக்கு வருகிறேன். மின்வலையில் குறுக்குச் சுற்று ஏற்பட்டுப் பெருமின்னோட்டம் பாய்ந்து மீக்கடத்தி தாங்கக்கூடிய மாறுநிலை அளவைத் தாண்டினால், மீக்கடத்தி திடீரெனத் தன் இயல்பை இழந்து தடை மிக்கதாகிறது. அந்தத் தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி மற்றக் கருவிகளைக் காக்கிறது. இந்நிகழ்வை ஆங்கிலத்தில் ‘குவென்ச்’ என்பார்கள். அகராதியைப் பார்த்துச் சிலர் ‘தணிப்பு’ என்று எழுதிவருகிறார்கள். கொல்லுப்பட்டறையில் பழுத்த இரும்பை நீரில் தோய்ப்பதற்கு அந்தச் சொல் சரி, ஏனெனில் அங்கே சூடு தணிகிறது. இங்கோ சூடு ஏறுகிறது; குளிர்ந்திருந்த சுருணை காய்ந்து, சுற்றியுள்ள நைட்ரஜன் கொதிக்கிறது. தணிப்பு என்று பெயரிட்டால் மாணவர் நேர்மாறாகவே புரிந்துகொள்வார். ‘மீக்கடத்தல் முறிவு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். காப்புப் பொருள் தாங்காமல் மின்பொறி பாய்வதை முறிவு என்று ஏற்கெனவே வழங்குவதால் அதுவும் ஆகாது. ‘இழப்பு’ என்ற சொல்லோ ஆற்றல் இழப்புடன் மோதும்.

நான் முன்வைப்பது ‘மீக்குலைவு’. அணி குலைந்தது, கட்டுக் குலைந்தது என்கிறோம். ஒழுங்காக இருந்த நிலை சட்டென்று கலைவதை அந்த வினை தாங்குகிறது. குறுக்குச் சுற்று நீங்கியபின் சுருணை மீண்டும் குளிர்ந்து பழைய இயல்பை அடைவதற்கு ‘மீட்சி’ போதும்.

‘உயர்வெப்பநிலை மீக்கடத்தி’ என்பது மைனஸ் 196 பாகை செல்சியசில் (77 கெல்வினில்) இயங்குவதைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு. முன்னர் அறிந்த மீக்கடத்திகளை நீர்ம ஹீலியத்தின் 4.2 கெல்வினை ஒட்டியே இயக்க வேண்டியிருந்ததை நோக்க அது உயர்ந்ததுதான். அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சுருணை, சுருள், சுற்று ஆகிய மூன்றில் எதை நிலைப்படுத்துவது என்பதில் எனக்கு உறுதி வரவில்லை. பட்டறையில் ‘வைண்டிங்’, ‘காயில்’ என்ற இரண்டையும் வேறுபடுத்தியே பேசுகிறார்கள். நான் முன்னதற்குச் சுருணையும் பின்னதற்குச் சுருளும் கொண்டேன். மின்மாற்றிப் பழுதுபார்ப்பில் உள்ளவர்கள் இது பொருந்துமா என்று எழுதினால், தொகுதியை அச்சுக்கு அனுப்புமுன் திருத்திக்கொள்ளலாம்.