புதுப்பிப்பு: அமெரிக்காவின் விஸ்கான்சினில் வில் வேட்டைக்கு டிரெயில் கேமரா

வெள்ளைவால் மானுக்கு டிரெயில் கேமராவை (விலங்கு நடமாடினால் தானாகப் படம் எடுக்கும் கேமரா) எங்கே மாட்டலாம் என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். சோள வயல் ஓரம் என்று பலர் சொன்னீர்கள். அக்டோபர் முடியப் போகிறது, நடந்ததைச் சொல்கிறேன்.

வயல் ஓரத்தில் பெரிய கொம்புள்ள ஆண்மான் ஒன்று வந்தது, ஆனால் எல்லாப் படமும் நள்ளிரவில். அம்புக்கு மான் 20, 30 கஜத்துக்குள் வர வேண்டும், அதுவும் வெளிச்சத்தில். அதனால் கேமராவைக் காட்டுக்குள், மான்கள் படுக்கும் புதருக்கும் வயலுக்கும் நடுவே போகும் தடத்துக்கு மாற்றினேன். ஆண்மான்கள் தரையைக் குளம்பால் கீறி, மேலே தொங்கும் கிளையை நக்கி வாசனை விட்டுப் போகும் இடம் அது. அங்கே அதே ஆண்மான் பகலிலேயே வந்தது, பெரும்பாலும் வடமேற்குக் காற்று அடித்த நாட்களில். படத்தின் நேரத்தோடு காற்றின் திசையையும் குறித்து வையுங்கள், எனக்குப் பெரிதும் உதவியது அதுதான்.

லென்ஸ் வடக்குப் பார்த்து இருந்தால் வெயில் நேராக விழாது. மெமரி கார்டு எடுக்க அடிக்கடி போகாதீர்கள், நம் வாடை தங்கிவிடும்.

நவம்பர் முதல் பாதியில் இணை சேரும் பருவம் உச்சத்தில் இருக்கும். வடமேற்குக் காற்றில் என் வாடை மானுக்குப் போகாதபடி, தடத்துக்குத் தென்கிழக்கே ஓக் மரத்தில் நான் காத்திருக்கும் இருக்கையைக் கட்டிவிட்டேன்.