பட்ரீசியா ரூட்லெட்ஜ்: மனசை விட்டுப் போகாத அந்த ஒரு காட்சி எது? (அனுபவப் பகிர்வு)

பழையடிவி:

2025 அக்டோபர் 3ஆம் தேதி, 96 வயசில் பிரிட்டிஷ் நடிகை பட்ரீசியா ரூட்லெட்ஜ் அம்மா போனதிலிருந்து எங்கே பார்த்தாலும் ஹயசிந்த் படம்தான், ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ நகைச்சுவைத் தொடரில் பெரிய மனுஷியாகக் காட்டிக்கொள்கிற அந்தப் பாத்திரம். பூப்போட்ட உடுப்பு, தொப்பி, காதில் வெள்ளை டெலிபோன். போடட்டும். எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது வேறு: 1988ல் பிபிசியில் வந்த ‘டாக்கிங் ஹெட்ஸ்’ வரிசையில் ‘எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்’. ஆலன் பென்னட் எழுதிய ஆறு தனிமொழிகளில் ஒன்று. கதை இங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இவர் நடித்த ஐரீன் ரடக் கண்ணில் பட்டதற்கெல்லாம் புகார்க் கடிதம் எழுதுகிறவள். எதிர்வீட்டுத் தம்பதி குழந்தையைக் கவனிப்பதில்லை என்று எழுதப்போய், அந்தக் குழந்தை ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது தெரியவருகிறது. கடைசியில் சிறை.

நான் சொல்ல வந்தது சிறைப் பகுதியை மட்டும். ஜன்னலோரத்தில் இறுகி உட்கார்ந்திருந்த அதே பெண் அங்கே சிகரெட் பிடிக்கிறாள், டைப்பிங் படிக்கிறாள், கெட்ட வார்த்தை பேசுகிறாள். பெற்ற பிள்ளையைக் கொன்ற பிரிட்ஜெட் ராத்திரியில் அலறி எழும்போது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். ‘சந்தோஷமாக இருக்கிறேன்’ என்கிறாள். பார்க்கிற நமக்குத்தான் அதைக் கேட்டு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

இது எவ்வளவு கஷ்டம் என்றால், எதிரே ஆள் கிடையாது. லென்ஸ்தான் எதிராளி. நாடகத்தில் சக நடிகர் ஒரு வரி தவறவிட்டால் இன்னொருவர் எடுத்துக் கொடுத்துவிடலாம். இங்கே ஒற்றை ஷாட் நிமிஷக் கணக்கில் ஓடும். கடைசி வரியில் நாக்கு பிறழ்ந்தால் முதல் வரியிலிருந்து மறுபடி. பலர் கெடுக்கிற இடமும் ஒன்று உண்டு: லென்ஸைப் பார்த்ததும் குரலை ஏற்றிச் சொற்பொழிவாக்கிவிடுவார்கள். இவர் வேலி ஓரத்தில் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலவே வைத்திருப்பார். தான் சொல்வது சரிதான் என்று ஐரீனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கைதான் பயமுறுத்துகிறது.

மேடைப்பக்கம்:

லென்ஸ், குரல் என்கிறீர்கள். எனக்கு அந்த அம்மாவின் கைதான்.

1982, லண்டன் லிரிக் ஹாமர்ஸ்மித். மைக்கேல் ஃப்ரேயன் எழுதி மைக்கேல் பிளேக்மோர் இயக்கிய ‘நாய்சஸ் ஆஃப்’. முதன்முதலில் டாட்டி ஓட்லியாக நடித்தவர் ரூட்லெட்ஜ்தான். ஒரு மூன்றாந்தர நாடகக் கம்பெனி. அதில் டாட்டிக்கு வேலைக்காரி வேஷம். ஒத்திகையில் அவள் மேடையில் செய்ய வேண்டியது மூன்று: மத்தி மீன் தட்டை அங்கேயே விட வேண்டும், போன் ரிசீவரைத் திரும்ப வைக்க வேண்டும், செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்றும் குழம்பும். மீனை எடுத்துப் போகிறாள், ரிசீவரைத் தொங்க விடுகிறாள். இயக்குநர் இருட்டிலிருந்து கத்துகிறார்.

பார்க்கிறவர்களுக்கு இது மறதி. நடிக்கிறவருக்கு நூலளவு பிசகக் கூடாத கணக்கு. முதல் அங்கத்தையேதான் இரண்டாம் அங்கத்தில் மேடைக்குப் பின்புறமிருந்து, மூன்றாவதில் எல்லாம் உருக்குலைந்த நிலையில் திரும்பக் காட்டுவார்கள். தட்டு ஒரு முழம் தள்ளி இருந்தால் பின்னால் கதவைத் திறந்து வருகிறவருக்கு அவருடைய நகைச்சுவை போச்சு. மீனும் லேசுப்பட்டதில்லை, எண்ணெயோடு தரையில் சிந்தினால் அடுத்து ஓடி வருகிறவர் நிஜமாகவே வழுக்கி விழுவார். குழம்புவது டாட்டி மட்டும். நடிகைக்கு அந்த வசதி இல்லை.

ஹயசிந்த் போனை எடுக்கும் போதெல்லாம் எனக்கு டாட்டிதான் ஞாபகம். ஒரு கை ரிசீவரில் இருக்கும்போது இன்னொரு கை சும்மா இருக்காது. எதிர்முனையில் பேசுகிறவர் சைனீஸ் உணவகம் என்று நினைத்து ஆர்டர் கொடுக்கிறவர் என்று தெரிந்ததும் முதலில் விறைப்பது விரல், குரல் அதற்கப்புறம்தான்.

கேமராமூலை:

மேடைப்பக்கம் அண்ணே, கை சரி. ஆனால் மேடைத் திறமை அப்படியே டிவிக்கு வந்துவிட்டது என்பது போல எழுதுவதை ஒப்புக்கொள்ள முடியாது. ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ எடுத்த முறையே வேறு.

1990 முதல் 1995 வரை 5 சீசன், 44 எபிசோட். எழுதியவர் ராய் கிளார்க், தயாரித்து இயக்கியவர் ஹெரால்ட் ஸ்னோட். அந்தக் கால பிபிசி சிட்காம் பெரும்பாலானவற்றுக்கும் இதே முறைதான். வெளிப்புறக் காட்சிகளை முதலில் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ஹயசிந்த் வீட்டு வாசல் கவென்ட்ரி பக்கத்துப் பின்லி உட்ஸ் கிராமம். ஹயசிந்தின் சகோதரி கணவர் ஆன்ஸ்லோ வீட்டு வாசல் கவென்ட்ரியின் ஸ்டோக் ஆல்டர்மூர். வீட்டுக்கு உள்ளே நடப்பதெல்லாம் ஸ்டுடியோ செட். சில நாள் ஒத்திகை பார்த்துவிட்டு ஒரு மாலையில் பார்வையாளர்கள் முன்னால் பதிவு. வெளிப்புறத் துண்டுகளை அவர்களுக்கு மானிட்டரில் போட்டுக் காட்டி, வருகிற சிரிப்பை ஒலிநாடாவில் சேர்த்துக்கொள்வார்கள்.

சிக்கல் இங்கேதான். தெருவில் எடுக்கும்போது சிரிக்க ஆள் இல்லை. எப்போதோ வரப்போகிற சிரிப்புக்கு இப்போதே இடம் விட்டு நடிக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் அடுத்த வசனம் சிரிப்பில் முழுகிப்போகும். கூடினால் நடிகர் வெறுமனே நிற்பது அப்பட்டமாகத் தெரியும். ஆன்ஸ்லோ வாசலில் கிடக்கிற ஓட்டை ஹில்மன் அவெஞ்சர் காருக்குள்ளிருந்து நாய் குரைத்து, ஹயசிந்த் துள்ளிப் பின்வாங்கி வேலிச் செடிக்குள் சாயும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குரைப்பு, துள்ளல், சாய்தல் எல்லாம் ஒரே நொடியில் முடிந்துவிடுகிறது. ரூட்லெட்ஜ் அதற்கப்புறம் செய்வதைப் பாருங்கள்: நிமிர்கிறார், தொப்பியைத் தொட்டுப் பார்க்கிறார், உடுப்பை இழுத்துவிடுகிறார், யாராவது பார்த்தார்களா என்று ஒரு திரும்பல். நான்கும் கதைக்குள்ளேயே இருக்கிற காரியம், ஒவ்வொன்றும் சிரிப்புக்கு விட்ட இடம். சிரிப்பு நீண்டால் எடிட்டருக்கு வைத்துக்கொள்ளத் துண்டு இருக்கிறது, சுருங்கினால் வெட்டிவிடலாம்.

குரைப்பு எப்போது வரும் என்று நமக்குத் தெரிந்தும் சிரிக்கிறோமே, அதற்கு இதுதான் காரணம். நாயைப் பார்த்துச் சிரிப்பதில்லை, தொப்பியைத் தொடும் கையைப் பார்த்துத்தான் சிரிப்பு. ஆக கை என்பதில் அண்ணனோடு உடன்பாடுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுருதிப்பெட்டி:

இத்தனை பேர் பேசியும் பாட்டைத் தொடவில்லையே!

பக்கத்து வீட்டு எம்மெட் கண்ணில் பட்டால் போதும், ஹயசிந்த் பாட ஆரம்பிப்பார். அவர் ஓடி ஒளிவார். அந்த அபஸ்வரத்தைக் கேட்டுவிட்டு, ‘பாவம், இந்த அம்மாவுக்குப் பாட வராது போல’ என்று எழுதியவர்களை இணையத்தில் பார்க்கலாம். 1968ல் பிராட்வேயில் ‘டார்லிங் ஆஃப் தி டே’ இசை நாடகத்துக்காகச் சிறந்த நடிகைக்கான டோனி விருது வாங்கியவர் (லெஸ்லி அகம்ஸோடு பகிர்ந்து). நாடகம் சீக்கிரமே மூடப்பட்டது, விருது இவருக்குக் கிடைத்தது. 1976ல் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த ‘1600 பென்சில்வேனியா அவென்யூ’ ஏழே காட்சியில் படுத்துவிட்டது. அதில் இரண்டு ஜனாதிபதிகளின் மனைவிமார்களாக மாறி மாறி இவர் ஒருவரே பாடிய ‘டூயட் ஃபார் ஒன்’ மட்டும் இன்னும் பேசப்படுகிறது. 1988ல் ‘காண்டிட்’ இசை நாடகத்துக்கு ஆலிவியர் விருது. ஹயசிந்த் உச்சத்தில் இருந்த 1992லேயே லண்டன் நேஷனல் தியேட்டரின் ‘கரௌசல்’ நாடகத்தில் நெட்டி ஃபவுலர். ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ பாட்டு அந்தப் பாத்திரத்துக்குத்தான்.

எனக்கு உறுத்துவது இவ்வளவே: டிவியில் அந்தக் கீச்சலையும் மேடையில் இந்தக் கனத்த குரலையும் கொடுத்தது ஒரே தொண்டை, ஒரே காலம்.

மேடையில் வேண்டுமென்றே தப்பாகப் பாட நினைக்கிற நண்பர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

முதலில் பாட்டைச் சுருதி சுத்தமாகப் பாடிப் பழகுங்கள். சரியான ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரால்தான் அதிலிருந்து எவ்வளவு விலகுவது என்று தீர்மானிக்க முடியும். பாடத் தெரியாதவர் எல்லா ஸ்வரத்திலும் தப்புவார். அது சங்கடம், நகைச்சுவை ஆகாது. பத்தில் எட்டு சரியாக விழுந்து, முக்கியமான நீட்டல் ஸ்வரம் ஒன்று மட்டும் அரைச் சுருதிக்கும் குறைவாகக் கீழே நிற்க வேண்டும். கேட்கிறவர் மனசு அதை மேலே தள்ளப் பார்க்கும். அந்தத் தவிப்புதான் சிரிப்பாகிறது.

இரண்டாவது, பியானோ சுத்தமாக வாசிக்க வேண்டும். வாத்தியமும் சேர்ந்து விலகினால் விலகலே தெரியாது. மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த மெட்டாக இருக்க வேண்டும். நான்காவது, நீளம். இரண்டு மூன்று வரிக்கு மேல் போனால் காது பழகிவிடும். அந்தத் தொடரில் எப்போதும் யாராவது வந்து பாட்டை வெட்டிவிடுவதைக் கவனியுங்கள்.

கடைசியாகத் தொண்டை. அந்த ஆட்டத்தை, அதாவது வைப்ரேட்டோவை அளவுக்கு மீறி அகலமாக்குவதை, குரல்வளையை இறுக்கிச் செய்யக் கூடாது. மூச்சை ஏற்றி இறக்கிச் செய்ய வேண்டும். இறுக்கிச் செய்தால் மறுநாள் பேச்சே கம்மிவிடும். முன்னால் நன்றாகக் குரலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஒத்திகையில் முழு சத்தத்தில் பாட வேண்டாம். மெல்லிய குரலில் பாடி, எங்கே என்ன என்று குறித்துக்கொண்டால் போதும்.

கதவிடுக்கு:

சுருதிப்பெட்டி சார், கடை விரித்துவிட்டீர்கள். :)

பழையடிவி சொன்னதில் ஒரு திருத்தம், இல்லை ஒரு சேர்க்கை. தனிமொழி 1988ல் தொடங்கவில்லை. 1982லேயே பென்னட் இவருக்காக எழுதிய ‘எ வுமன் ஆஃப் நோ இம்பார்ட்டன்ஸ்’ வந்துவிட்டது. பெக்கி ஸ்கோஃபீல்ட், ஆபீஸ் கேன்டீனில் யார் எந்த மேஜை என்பதே வாழ்க்கை. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் வார்டில் தனக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்றே பேசிக்கொண்டிருப்பாள். நோய் முற்றுவது அவள் சொல்லித் தெரியவில்லை, முகம் வற்றுவதில் தெரிகிறது. கடைசியில் காலிப் படுக்கை. ஐரீனைவிட இது கொடுமை என்பேன்.

நடுவில் நகைச்சுவை எழுத்தாளர் விக்டோரியா வுட்டின் டிவி நிகழ்ச்சியில் 1985, 86ல் கிட்டி என்ற பாத்திரம். அதுவும் லென்ஸைப் பார்த்துத்தான், ஆனால் சில நிமிஷம் மட்டும். வரி ஒவ்வொன்றிலும் சிரிப்பு எந்தச் சொல்லில் என்பதை வுட் குறித்து வைத்திருப்பார். ஒரு பிராண்ட் பெயரை மாற்றிப் போட்டால் தாளம் போய்விடும். சொல் பிசகாமல் சொல்கிற நடிகை வேண்டும். கிடைத்தார்.

பழையடிவி:

கதவிடுக்கு, ஒப்புக்கொள்கிறேன். பெக்கியை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

புதுப்பதிப்பு:

2020ல் ஊரடங்கின்போது ‘டாக்கிங் ஹெட்ஸ்’ மறுபடி எடுத்தார்களே, அதை யாரும் சொல்லவில்லை. ஐரீனாக இமெல்டா ஸ்டான்டன். அதுவே மேல் என்பது என் கட்சி. ஸ்டான்டனின் ஐரீன் முதலிலிருந்தே தனிமையில் உடைந்து கிடப்பவள். அவள்மேல் இரக்கம் வருகிறது.

பழையடிவி:

அங்கேதான் இடிக்கிறது. முதலிலேயே இரக்கம் வந்துவிட்டால் சிறையில் மலர்வதற்கு என்ன மிச்சம்? ரூட்லெட்ஜின் ஐரீன்மேல் முதல் பாதியில் எரிச்சல்தான் வர வேண்டும். வராவிட்டால் திருப்பம் இல்லை. 1998ல் ‘மிஸ் ஃபாசர்ட் ஃபைண்ட்ஸ் ஹர் ஃபீட்’ பாருங்கள், அதே முறை. கடையில் திரைச்சீலை, மெத்தை விரிப்புப் பிரிவில் வேலை, வீட்டில் பக்கவாதம் வந்த சகோதரர், பாத வைத்தியர் ஒருவர். அந்த வைத்தியரின் விருப்பங்கள் கோணலாகப் போவது நமக்குப் புரிகிறது. அவளுக்குப் புரிந்ததா என்று கடைசிவரை இவர் காட்டிக்கொடுக்கவே மாட்டார்.

கார்னெட்:

ஹெட்டி வெய்ன்த்ராப்பை விட்டுவிட்டீர்கள். 1996 முதல் 1998 வரை வந்த டிவி தொடர், லங்காஷயரில் துப்பறியும் அறுபது வயது இல்லத்தரசி. உதவிக்கு வரும் பையன் டொமினிக் மொனஹன். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில் ஹாபிட்டாகப் புகழ் பெற்றது பிற்பாடு. ஹயசிந்தை முடித்துக்கொண்டது இவருடைய முடிவுதான். உடனே அடுத்த வருஷம் இது. தொப்பி இல்லை, கத்தல் இல்லை. சந்தேக ஆளிடம் டீ ஊற்றிக்கொண்டே கேள்வி கேட்பார். பதில் பொய் என்று தெரிந்த பிறகும் ஊற்றுகிற வேகம் மாறாது. எனக்கு அந்த டீதான்.

தொடரின் ஆரம்ப இசை, கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஊதுகிற பித்தளைக் கருவி) வாசிப்பு, நைஜல் ஹெஸ் போட்டது. அவர் பியானோக் கலைஞர் மைரா ஹெஸ்ஸின் உறவுக்காரர். உலகப் போர்க் காலத்தில் லண்டன் நேஷனல் கேலரியில் மதிய வேளைக் கச்சேரிகள் நடத்தினாரே, அந்த மைரா. ரூட்லெட்ஜ் பிற்காலத்தில் மைராவாக மேடையேறிய ‘அட்மிஷன்: ஒன் ஷில்லிங்’ நைஜல் ஹெஸ் தொகுத்ததுதான். பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார், இவர் பேசுவார். தலைப்பில் இருப்பது கச்சேரிக்கான நுழைவுக் கட்டணம்.

கேமராமூலை:

கார்னெட், ஹெட்டியின் கதைக்கு 1990ல் ஐடிவியில் ‘மிஸ்ஸிங் பெர்சன்ஸ்’ என்று ஒரு முன்னோட்டம் வந்தது, அதிலும் இவரேதான். தொடர் பிபிசிக்குப் போனது அப்புறம். தேடுகிறவர்கள் இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.