உதவி: பிபிசி மைக்ரோ ஆன் செய்தால் ஒரே சத்தம், திரையில் ஒன்றும் இல்லை (அவசரம்)

பழையபெட்டி | வெள்ளி, இரவு 11:48
அனைவருக்கும் வணக்கம். பிபிசி மைக்ரோ (பழைய பிரிட்டிஷ் கணினி) ஒன்று கிடைத்திருக்கிறது. சுவிட்ச் போட்டால் "ம்ம்ம்ம்" என்று ஒரே சத்தம், நிற்கவே மாட்டேன் என்கிறது. திரை கறுப்பு. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ஞாயிறு அன்று ஒருவருக்கு ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தம்பி64 | வெள்ளி, இரவு 11:55
எந்த மாடல் அண்ணா? மாடல் ஏ, பி, பி பிளஸ், மாஸ்டர் எல்லாவற்றையும் பிபிசி மைக்ரோ என்றுதான் சொல்கிறார்கள். டிவியா மானிட்டரா? பின்பக்கம் எந்தத் துளையில் ஒயரைச் செருகினீர்கள்? கேஸைத் திறந்தீர்களா? ஒரு போட்டோ போடுங்கள்.

ரிஃபா_எதிரி | சனி, காலை 12:10
கெப்பாசிட்டர்தான். யோசிக்கவே வேண்டாம். பவர் சப்ளைக்குள் கண்ணாடி போன்ற மஞ்சள் பெட்டிக்குள் ரிஃபா கம்பெனி கெப்பாசிட்டர் இரண்டு இருக்கும், 100 நானோஃபாரட் ஒன்று, 10 நானோஃபாரட் ஒன்று. அந்த மேலுறையில் காலப்போக்கில் வெடிப்பு விழும், உள்ளே இருக்கும் காகிதத்தில் ஈரம் ஏறும். ஒருநாள் பட்டென்று வெடித்து, வீடு முழுக்க நாற்றம் அடிக்கும். மாற்றாமல் பிளக்கில் செருகவே கூடாது.

பேரா6502 | சனி, காலை 7:02
"எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்" என்றால் என்ன செய்தீர்கள்? மீட்டர் வைத்து 5 வோல்ட் அளந்தீர்களா? ரோம்களை (புரோகிராம் பதிந்த சிப்கள்) கழற்றிப் பார்த்தீர்களா? ஒன்றுமே சொல்லாமல் "அவசரம்" என்று மட்டும் தலைப்பில் போட்டால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? 1981 டிசம்பரில் வந்த இயந்திரம். நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தது, ஞாயிற்றுக்கிழமைக்காக அதுவா அவசரப்படப் போகிறது? பழைய இழைகளைத் தேடிப் படியுங்கள், எல்லாம் எழுதி வைத்திருக்கிறோம்.

பழையபெட்டி | சனி, காலை 8:20
மாடல் பி. அடியில் எழுதியிருக்கிறது. டிவி நன்றாகத்தான் இருக்கிறது, நேற்றுகூட கிரிக்கெட் பார்த்தோம். பெட்டி ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் ஏலத்தில் எடுத்தது.

தம்பி64 | சனி, காலை 8:31
டிவி நன்றாக இருப்பது சரி அண்ணா. எந்த ஒயர்?

கேசட்டுக்காலம் | சனி, காலை 8:50
எனக்கு ஒயர் மேல்தான் சந்தேகம். பின்னால் மூன்று வீடியோ வழி உண்டு: ஆன்டெனாவுக்குப் போகும் யூஎச்எஃப், பிஎன்சி முனையில் காம்போசிட், ஆறு கால் டின் முனையில் ஆர்ஜிபி. பிஎன்சியில் வருவது சாதாரணமாகக் கறுப்பு வெள்ளைதான், உள்ளே எஸ்39 இணைப்பைப் போட்டால்தான் கலர் வரும். பிஎன்சியில் இருந்து ஆர்சிஏவுக்கு மாற்றும் சின்ன முனை கடையில் கிடைக்கும், அதை வாங்கி டிவியின் மஞ்சள் துளையில் போட்டுப் பாருங்கள். யூஎச்எஃப் வழி என்றால் புது டிவியில் சேனல் தேடியே பொழுது போய்விடும்.

ஐசி_அக்கா | சனி, காலை 9:40
ஒயரை மாற்றிப் பயன் இல்லை. சத்தத்தைக் கவனியுங்கள், அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

சுவிட்ச் போட்டவுடன் சவுண்ட் சிப் (எஸ்என்76489) தன்பாட்டுக்கு ஒரு தாழ்ந்த சத்தத்தைப் போடும். ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) எழுந்ததும் முதல் வேலையாக அதை அடக்கிவிட்டு, மேல் ஸ்தாயியில் ஒரு சின்ன "பீப்" கொடுக்கும். நல்ல இயந்திரத்தில் "பூ-பீப்" என்று கேட்பது அதனால்தான். உங்களுடையதில் முதல் சத்தம் மட்டும் நிற்காமல் வருகிறது என்றால், அதை அடக்க ஆள் இல்லை. அதாவது 6502 (கணினியின் மூளையான பிராசசர் சிப்) ஓஎஸ்ஸை ஓட்டவில்லை.

திரை கறுப்பும் இதில் அடக்கம். திரையைக் கட்டுப்படுத்தும் 6845 சிப்புக்கு எத்தனை வரி, எங்கே சிங்க் என்று ஓஎஸ் சொன்னால்தான் படமே உருவாகும். ஓஎஸ் ஓடாதபோது எந்த ஒயரைப் போட்டாலும் படம் வராது.

பார்க்க வேண்டிய வரிசை:
பவரை அணைத்துவிட்டு மூடியைத் திறங்கள். பிறகு ஆன் செய்து 6502-ல் (ஐசி1) 8ஆம் காலுக்கும் 1ஆம் காலுக்கும் நடுவே அளங்கள். 4.75க்குக் கீழே போகக்கூடாது.
அடுத்து 40ஆம் கால், அதுதான் ரீசெட். 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கிட்டத்தட்ட சுழியமாக இருந்தால் பிரேக் கீ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் கீ நேராக ரீசெட் கோட்டைத்தான் தரைக்கு இழுக்கிறது. தூசியும் எலிப்புழுக்கையும் கீயின் அடியில் இறுகிக் கிடந்த பெட்டியைப் பார்த்திருக்கிறேன். கீயில் தவறு இல்லை என்றால் ரீசெட் கொடுக்கும் டைமர் சிப் 555 (ஐசி16) பக்கம் போகலாம்.
இரண்டும் சரியென்றால் ஐசி51-ல் உள்ள ஓஎஸ் ரோமை மட்டும் விட்டு, 52, 88, 100, 101 நான்கையும் காலியாக்குங்கள். நன்றாக இருந்தால் திரையில் "லேங்குவேஜ்?" என்று கேட்கும். பேசிக் மொழி இருக்கும் ரோம் இல்லை என்பதற்காக அப்படிக் கேட்கிறது, பயப்பட வேண்டாம்.

கீபோர்டில் மூன்று சிவப்பு விளக்கில் எது எரிகிறது என்றும் சொல்லுங்கள். சரியாக எழுந்தால் கேப்ஸ் லாக் மட்டும் எரியும்.

ரிஃபா_எதிரி | சனி, காலை 9:58
அக்கா சொல்வது சரி, ஆனாலும் ரிஃபாவை முதலில் மாற்றுங்கள்.

பழையபெட்டி | சனி, காலை 11:15
விளக்கு இரண்டு எரிகிறது. கேப்ஸ், ஷிஃப்ட் இரண்டும். மீட்டர் பக்கத்து வீட்டில் இருக்கிறது, மாலை வாங்கி வருகிறேன். முதல் நாள் போட்டபோது பின்பக்கம் கொஞ்சம் புகை வந்தது. பிறகு வரவில்லை.

ரிஃபா_எதிரி | சனி, காலை 11:17
!!!!!!

தம்பி64 | சனி, காலை 11:20
அண்ணா. புகை வந்ததை இப்போதுதான் சொல்கிறீர்களா.

ரிஃபா_எதிரி | சனி, காலை 11:26
நான் சொன்னேனா இல்லையா? பிளக்கை உருவிவிட்டு வேறு வேலை பாருங்கள். பவர் சப்ளைக்குள் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று 320 வோல்ட்டுக்கு மேல் டிசியைப் பிடித்து வைத்திருக்கும், உருவிய உடனே கை வைக்காதீர்கள். இரண்டு ரிஃபாவுக்கும் பதிலாக எக்ஸ்2 என்று எழுதிய 275 வோல்ட் ஏசி பாலிப்ரோப்பிலீன் வகை வாங்குங்கள். சாதாரண கெப்பாசிட்டர் ஒன்றைக் கொண்டுபோய் மெயின்ஸில் மாட்டாதீர்கள். கையோடு 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடுங்கள், சப்ளை கிளம்பாமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் அதனால்தான்.

ஐசி_அக்கா | சனி, பகல் 12:05
மாற்ற வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரிஃபா மெயின்ஸ் இரைச்சலை வடிக்கிற உறுப்பு. வெடித்தாலும் சப்ளை பெரும்பாலும் ஓடும். அதனால் புகைக்கும் "ம்ம்ம்"முக்கும் முடிச்சுப் போடாதீர்கள். இரண்டும் தனித்தனிக் கோளாறு. நாளைக்கு ரிஃபா மாற்றிவிட்டு அதே சத்தம் வந்தால் மனம் உடைந்து போகாதீர்கள்.

லண்டன்_கார்பூட் | சனி, மாலை 4:30
அண்ணை, இவ்வளவு பாடு எதற்கு? இங்கே கார் பூட் சந்தையில் இவை கனக்க வரும், பள்ளிக்கூடங்கள் கழித்து விட்டதெல்லாம். செத்த பெட்டியை எனக்கு அனுப்புங்கள், நல்ல விலை தருகிறேன். வீடியோ யூஎல்ஏ (படத்துக்கான தனிச் சிப்) ஃபெரான்டி கம்பெனியுடையதா, பிறகு வந்த விட்ப்ரோக் வகையா என்று பார்த்துச் சொல்லுங்கள். எஸ்ஏஏ5050 (டெலிடெக்ஸ்ட் எழுத்துச் சிப்) இருந்தால் அதற்கும் ஆள் இருக்கிறது.

கேசட்டுக்காலம் | சனி, மாலை 4:52
வந்துவிட்டாரய்யா. ஒரு பெட்டி பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது என்றதும் சிப்பைப் பிடுங்க ஆள் வந்தாயிற்று. இந்தியாவில் இந்தப் பெட்டி எப்படி வந்தது தெரியுமா? 1984-ல் மத்திய அரசின் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் முதலில் தட்டிய கீபோர்டு இதுதான். இங்கே மிஞ்சியிருப்பதே கொஞ்சம், அதையும் லண்டனுக்கு ஏற்றுமதி செய்யவா?

லண்டன்_கார்பூட் | சனி, மாலை 5:10
பிடுங்குகிறவன் நான் மட்டுமா? நான் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்காரன் எடுப்பான், பலகையை அமிலத்தில் போட்டுத் தங்கம் தேடுவான். என்னிடம் வந்தால் அந்த யூஎல்ஏ இன்னொரு பெட்டியில் ஓடும். யூஎல்ஏ, பிபிசி மைக்ரோவைச் செய்த ஆகோர்ன் கம்பெனிக்காகத் தனியாகச் செய்த சிப், இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை. செத்ததில் இருந்து எடுத்தால்தான் இருப்பது பிழைக்கும்.

பேரா6502 | சனி, மாலை 5:25
ஒருவரும் புதிதாகச் செய்வதில்லை என்பது தவறு. வீடியோநூலா என்று மாற்றுப் பலகை இருக்கிறது. யூஎல்ஏ இருந்த இடத்தில் உட்காரும், 4096 நிறத்தில் இருந்து தேர்ந்தெடுக்கலாம். தெரியாமல் எழுத வேண்டாம்.

கேசட்டுக்காலம் | சனி, மாலை 5:31
4096 நிறம் வந்தால் அது எப்படி பிபிசி மைக்ரோ? அசலில் இருந்த எட்டு நிறத்தில் படம் போடத் தெரியாதவர்களுக்கான விளையாட்டு அது.

பேரா6502 | சனி, மாலை 5:40
ஓஹோ. அப்படியென்றால் ரிஃபாவையும் அசலாகவே விட்டுவிடலாமே. புகையும் அசல்தானே.

லண்டன்_கார்பூட் | சனி, மாலை 5:44
ஹாஹா.

கேசட்டுக்காலம் | சனி, மாலை 6:02
கெப்பாசிட்டர் தேயும் பொருள், மாற்றலாம். வீடியோ சிப் அந்த இயந்திரத்தின் குணம். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் என்ன சொல்ல? இன்னொரு கூட்டம் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து மஞ்சள் போக்குகிறது, சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகிவிடுகிறது. போதாக்குறைக்கு பிளாஸ்டிக்கில் திட்டுத்திட்டாய்க் கறை. அதற்கும் பெயர் புனரமைப்பாம்.

தம்பி64 | சனி, மாலை 6:15
நான் ரெட்ரோபிரைட் (அந்தப் பெராக்சைடு முறைதான்) செய்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆளைத் திட்டாதீர்கள்.

ஐசி_அக்கா | சனி, மாலை 6:40
இந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள், வந்து படிக்கிறேன். பழையபெட்டி, இது அசல் ஆகோர்ன் பெட்டியா, மொஹாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் செய்த யூனிகார்னா? லேபிளைப் பார்த்துச் சொல்லுங்கள். பவர் சப்ளையிலும் முதலில் வந்தது கறுப்பு நிறம், உள்ளே பழைய முறை. பிறகு வந்ததுதான் ஸ்விட்ச் மோடு. கறுப்பு என்றால் ரிஃபா கதை அப்படியே பொருந்தாது.

பழையபெட்டி | சனி, இரவு 9:50
ஆகோர்ன். சப்ளை தங்க நிறம், ஆஸ்டெக் என்று எழுதியிருக்கிறது. ஒரு ரிஃபா வெடித்திருக்கிறது, பிசின் மாதிரி ஒழுகியிருக்கிறது. கடையில் எக்ஸ்2 கிடைத்தது, இரண்டையும் மாற்றிவிட்டேன். சத்தம் அப்படியே.

8ஆம் கால்: 5.02
40ஆம் கால்: 4.8

ஐசி_அக்கா | சனி, இரவு 10:05
நல்லது, சப்ளையும் ரீசெட்டும் வழக்கில் இருந்து விடுதலை. இனி ஐசி51. பிடுங்கும்போது ஒரு பக்கமாக நெம்பாதீர்கள், சின்ன ஸ்க்ரூடிரைவரை இரண்டு முனையிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். காலைப் பாருங்கள். கறுத்துப் போயிருந்தால் சாக்கெட்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லாமல் இருக்கும். வெள்ளி பூசிய கால்கள் இப்படிக் கறுக்கும், உப்புக்காற்று ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு காலாக அழிரப்பரால் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, திரும்பச் செருகுங்கள். கட்டை விரலால் அமுக்கும்போது எந்தக் காலாவது மடங்கி வயிற்றுக்கு அடியில் போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பேரா6502 | சனி, இரவு 10:30
ரோம் முதலில் இல்லை, ராம்தான். 16 ராம் (தற்காலிக நினைவகம்) சிப்பில் கீழ்ப்பாதி நினைவகத்துக்கான எட்டில் ஒன்று போனாலும் ஸீரோ பேஜ் (நினைவகத்தின் முதல் 256 பைட்) கெட்டுவிடும், ஓஎஸ் ஓட இடமில்லை. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் ராம்தான்.

ஐசி_அக்கா | சனி, இரவு 10:34
இருக்கலாம் சார். ஆனால் ராம்கள் 16, ரோம் ஒன்று. சாக்கெட்டில் இருப்பதைக் கழற்ற ஒரு நிமிஷம். எளியதை முதலில் பார்த்துவிடலாமே.

பேரா6502 | சனி, இரவு 10:41
6502-ன் 7ஆம் காலில் சிங்க் துடிப்பு (கட்டளை எடுக்கிறது என்பதற்கு அடையாளம்) வருகிறதா என்று லாஜிக் புரோபால் பார்த்துவிட்டு யார் சொன்னது சரி என்று பேசலாம்.

தம்பி64 | ஞாயிறு, மதியம் 1:20
அண்ணா என்ன ஆயிற்று? இன்றைக்குத்தானே ஆள் வருகிறார்?

ரிஃபா_எதிரி | திங்கள், காலை 9:05
புகை வரவில்லையே?

கேசட்டுக்காலம் | புதன், இரவு 8:15
காணோம். லண்டன்காரர் வாங்கிவிட்டாரோ என்னவோ.

லண்டன்_கார்பூட் | புதன், இரவு 8:40
நான் வாங்கவில்லை ஐயா. எந்தப் பெட்டி காணாமல் போனாலும் என் தலையில்தானா?

பழையபெட்டி | வெள்ளி, இரவு 10:22
ஐசி51-தான். 22ஆம் கால் அடியில் அரித்துப்போய், கழற்றும்போது சாக்கெட்டிலேயே தங்கிவிட்டது. ரெசிஸ்டர் காலை வெட்டி அந்த மொட்டையில் பற்றவைத்தேன். "லேங்குவேஜ்?" வந்தது. பேசிக்கைச் செருகினதும் பிபிசி கம்ப்யூட்டர் 32கே என்று வந்துவிட்டது. அக்காவுக்கு நன்றி, எல்லோருக்கும் நன்றி. ஷிஃப்ட் கீ மட்டும் ஒட்டுகிறது.

ஐசி_அக்கா | வெள்ளி, இரவு 10:50
மகிழ்ச்சி. 22ஆம் கால் அவுட்புட் எனேபிள், அது திறந்து கிடந்தால் ரோம் வாயைத் திறக்காது. பற்றவைத்த கால் ரொம்ப நாள் தாங்காது, சாக்கெட்டையும் மாற்றி, ஒரு 27128-ல் (நாமே எழுதக்கூடிய ரோம் சிப்) ஓஎஸ் 1.20 எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரா6502 | வெள்ளி, இரவு 11:12
ராமையும் ஒருமுறை சோதித்து வைப்பது நல்லது.

புதுவை_பிட் | சனி, காலை 6:48
எனக்கும் இதே பிரச்சனை. என்னுடையது ஸ்பெக்ட்ரம் கணினி, சத்தம் வராது, திரையில் கோடு கோடாக வருகிறது. என்ன செய்யலாம்? அவசரம்.

தம்பி64 | சனி, காலை 8:03
புது இழை போடுங்கள் அண்ணா. 16கேவா 48கேவா, அடாப்டர் அசலா, புகை ஏதும் வந்ததா, மூன்றையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.