புதுப்பிப்பு: இவ்ரியா படங்கள், ஒரு திருத்தம்

இத்தாலியின் இவ்ரியா நகரில் எடுத்த பழைய படங்களைப் போன வாரம் பகிர்ந்திருந்தேன். செங்கல் தொழிற்சாலை முன்னால் தட்டச்சுப்பொறியோடு சிலர் நிற்கும் படத்துக்கு 1908 என்று எழுதியது என் தவறு. கமில்லோ ஒலிவெட்டி தன் தட்டச்சுப்பொறிக் கம்பெனியை அங்கே தொடங்கிய ஆண்டுதான் அது. படத்தில் இருப்பது அந்தக் கம்பெனியின் முதல் தட்டச்சுப்பொறியான எம்1. அந்தப் பொறி 1911 டூரின் கண்காட்சியில்தான் மக்கள் முன் வந்தது. ஆக, படம் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம், ஒலிவெட்டி யூதரா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், இவ்ரியாவின் சின்ன யூதச் சமூகத்தில் 1868இல் பிறந்தவர். மணந்தது வால்டென்சியர் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்ணை. பின்னாளில், திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் சபையில் சேர்ந்தார். ஆனாலும் யூதர்களுக்கு எதிராக இத்தாலியின் பாசிச அரசு கொண்டுவந்த 1938இன் இனச் சட்டங்கள் பிறப்பைத்தான் பார்த்தன. 1943இல் ஜெர்மானியப் படை வந்ததும், தான் தொழிற்சாலை கட்டிய ஊரைவிட்டே அவர் ஒளிந்து வெளியேற வேண்டியதாயிற்று. அந்த டிசம்பரில் பக்கத்து நகரமான பியெல்லாவில் இறந்தார், அங்குள்ள யூதக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். இது தெரிந்த பிறகு அந்தத் தொழிற்சாலைப் படத்தைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

இவ்ரியாவின் யூதத் தொழுகைக்கூடப் படங்களை அடுத்துப் போடுகிறேன்.