மாத்திரை தொடங்கிய பிறகு குரல்கள் வேறாகக் கேட்குமா?

கட்டபெட்டு வாசகி:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். மனச்சோர்வுக்காக மருத்துவர் கொடுத்த செர்ட்ராலின் 50 மில்லிகிராம் மாத்திரையை ஐந்து வாரங்களாக எடுத்து வருகிறேன். அதற்கு முன்பு, இலை எடை போடுபவர் "பதினெட்டு" என்று கூவினால்கூட, குறைவாகப் பறித்ததற்காக இளக்காரம் செய்கிறார் என்றே என் காதில் விழும். கணவர் சொல்லும் "ம்" எப்போதும் கோபமாகவே படும். இப்போது பதினெட்டு வெறும் பதினெட்டுதான். ஆனால் சென்ற வாரம் மகள் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து அலறியபோது, ஓடிப்போய்த் தூக்கினேனே தவிர, பெற்ற வயிறு பதறவில்லை. மாத்திரை மாற்றியிருப்பது காதையா, மனத்தையா?

குன்னூர் ஆசிரியர் (உளவியல்):
சகோதரி, காது மாறவில்லை. கேட்டதற்கு மூளை பொருள் கொள்ளும் விதம்தான் மாறியிருக்க வேண்டும். பேச்சின் சொற்பொருளைப் பிரித்தறிவதில் பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பாதி முந்தி நிற்க, சொல்லுபவரின் தொனியில் உள்ள கோபத்தையும் துக்கத்தையும் பிடிப்பதில் வலப்பாதியில் காதுப் பக்கம் உள்ள டெம்போரல் மடலுக்குப் பங்கு அதிகம். அந்தத் தொனி அச்சுறுத்துவதா என்று எடை போடும் வேலையில் அமிக்டலா என்ற மூளையின் சிறு பகுதியும் சேர்ந்துகொள்கிறது. மனச்சோர்வில் இந்தத் தராசே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவதால், உணர்ச்சியற்ற குரலும் கடுமையாகப் படுகிறது. (உங்கள் எடைக்காரர் பாவம், அவர் எல்லோருக்கும் அப்படித்தான் கூவியிருப்பார்.)

செர்ட்ராலின் போன்ற மருந்துகள் சில மணி நேரத்திலேயே, நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் நரம்புக்குள் மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கத் தொடங்கினாலும், மனம் தெளியப் பல வாரங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் என்னதான் நடக்கிறது? ஆக்ஸ்போர்டின் கேத்தரின் ஹார்மர் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாத தன்னார்வலர்கள் 7 நாட்கள் சிட்டலோப்ராம் என்ற இதே வகை மருந்தை எடுத்த அளவிலேயே, அச்சம் காட்டும் முகங்களுக்கு அமிக்டலா காட்டும் எதிர்வினை தணிந்திருந்தது. அதாவது, மருந்து முதலில் சாய்வை நிமிர்த்துகிறது. நிமிர்ந்த தராசோடு மனிதர்களிடையே நாள்தோறும் பழகப் பழக மனநிலை பின்னால் வந்து சேர்கிறது என்பது அவர்கள் விளக்கம். இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலானவை முகங்களை வைத்தே நடந்தவை என்பதால், குரலுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் "பதினெட்டு" அதோடு ஒத்துப்போகிறது.

மூஞ்சிக்கல் அன்பர், கொடைக்கானல்:
அக்கா, அந்தப் பதைப்பின்மை எனக்கும் இருந்தது. உணர்ச்சி மழுங்கல் என்று மருத்துவர்கள் அதைச் சொல்கிறார்கள். இவ்வகை மருந்து எடுப்பவர்களில் கணிசமானோர் அதைச் சொல்வதுண்டு. ஆனால் நான் செய்ததைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இதே வகை மருந்தான எசிட்டலோப்ராமை யாரிடமும் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தினேன். அடுத்த சில நாட்கள் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டும் தலைச்சுற்றலுமாக இருந்தது; பேருந்து நடத்துநர் சீட்டுக் கேட்ட குரலே என்னை அடிக்க வருவதாகத் தோன்றியது. பிறகு திண்டுக்கல் இறங்கி மருத்துவரைப் பார்த்தேன். அவர் மீண்டும் தொடங்கச் சொல்லி, பல வாரங்களில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்.

குன்னூர் ஆசிரியர் (உளவியல்):
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பதறாமல் இருந்ததை மட்டும் வைத்து மழுங்கல் என்று முடிவு கட்ட வேண்டாம். முன்பிருந்த பதைப்பே நோயின் பங்காக இருந்திருக்கலாம். மகிழ்ச்சியும் சேர்ந்து மங்குகிறதா என்று கவனியுங்கள்; மழுங்கல் என்றால் இரண்டும் மங்கும்.

கட்டபெட்டு வாசகி:
ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. நேற்று மாலை கோழியைத் துரத்திக்கொண்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு தொற்றியது, ஆனால் கொஞ்சம் தாமதித்தே வந்தது. படிக்கட்டு, கோழி இரண்டையும் மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறேன். வரும் வியாழக்கிழமை மருத்துவரிடம் காட்டும்வரை மாத்திரையை நிறுத்தப் போவதில்லை.