டிரிபிள் ஆப்ஷன்: ஆர்மி, நேவி ஆட்டத்தில் பந்து எங்கே போகிறது?

மூன்றாவது டவுன்:
அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி (ஆர்மி), அன்னாபொலிஸ் கடற்படை அகாடமி (நேவி) அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தவர்களும், அவர்களுக்கு எதிராக ஒரு தடுப்பணி எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள். மற்ற கல்லூரிகள் பாஸ் வீசிக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்? பந்து யார் கையில் இருக்கிறது என்றே பிடிபடுவதில்லை. எதைப் பார்க்க வேண்டும்?

ஹட்சன்கரை:
பந்தைத் தேடாதீர்கள். தடுப்பணியில் யாரும் மோதாமல் சும்மா விட்டிருக்கும் ஆளைத் தேடுங்கள். இந்த ஆட்டமே அவனை வைத்துத்தான்.

அணி நிற்கும் முறைக்கு ஃபிளெக்ஸ்போன் என்று பெயர். முன்வரிசையில் ஐந்து லைன்மேன்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஏறக்குறைய மூன்றடி இடம் இருக்கும், மற்ற அணிகள் இவ்வளவு அகலமாக நிற்பதில்லை. அவர்களில் நடுவே நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவர் சென்டர். அவரை ஒட்டி, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக். அவருக்கு நேர் பின்னால் சில யார்டு தள்ளி பி-பேக் என்ற ஓட்டக்காரர். வலம், இடம் இரண்டு பக்கமும் வரிசையின் கடைசி லைன்மேனான டேக்கிளுக்குச் சற்று வெளியே, ஒரு யார்டு பின்வாங்கி ஏ-பேக்குகள் என்ற ஓட்டக்காரர்கள் இருவர். கோடியில் பாஸ் பிடிக்கும் ரிசீவர்கள் இருவர்.

சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் ஸ்னாப்புக்கு ஒரு நொடி முன்பு ஒரு ஏ-பேக் மட்டும் பி-பேக்கின் முதுகுப்பக்கமாக ஓடத் தொடங்குவார். அவர் போகும் திசையில்தான் பெரும்பாலும் ஆட்டம் நடக்கும். குவார்ட்டர்பேக் பந்தை பி-பேக்கின் வயிற்றில் வைத்து, கையை எடுக்காமல் அவரோடு ஓரடி நகர்வார். அப்போது அவர் கண் பந்தில் இருக்காது. டேக்கிளுக்குப் பக்கத்தில் சும்மா விட்ட முதல் ஆள் மேல் இருக்கும். அவன் பி-பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொள்வார். வெளியே நின்றுவிட்டால் அப்படியே கொடுத்துவிடுவார்.

உருவிய பிறகு, சும்மா விட்ட இரண்டாவது ஆளை நோக்கி நேராக ஓடுவார். ஒதுங்கி ஓடக் கூடாது. ஒதுங்கினால் அந்த ஆள் முடிவெடுக்காமல் நின்றுகொண்டே நேரம் கடத்துவான். அவன் குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்தால் பந்து ஏ-பேக்குக்குப் பக்கவாட்டில் போகும். ஏ-பேக் பக்கம் சாய்ந்தால் குவார்ட்டர்பேக்கே உள்ளே வெட்டி ஓடுவார். பி-பேக், குவார்ட்டர்பேக், ஏ-பேக் என்ற இந்த மூன்று வாய்ப்புதான் டிரிபிள் ஆப்ஷன். பந்து வாங்கும் ஏ-பேக் நாலைந்து யார்டு வெளியிலும் ஒரு யார்டு பின்னாலும் இருக்க வேண்டும். ஒட்டி வந்தால் ஒரே ஆள் இருவரையும் மறித்துவிடுவான். விலகிப் போனால் தட்டிவிட்ட பந்து காற்றில் அதிக நேரம் மிதக்கும், அதற்குள் யாராவது கை வைத்துவிடுவார்கள்.

சாதாரண ஓட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார், அதனால் தாக்கும் அணி எப்போதும் ஓர் ஆள் குறைவு. இங்கே அவரும் ஓடுகிறார். அதோடு எதிரணியின் இரண்டு பேரை மோதாமலே ஏமாற்றுவதால், அவர்களைத் தடுக்க வேண்டியவர்கள் பின்னால் நிற்கும் தடுப்பாளர்களான லைன்பேக்கர், சேஃப்டி மேல் போகலாம். ஆள் பலத்தில் இருக்கும் பள்ளத்தை எண்ணிக்கையால் நிரப்பும் வேலை இது.

அன்னாபொலிஸ்வாசி:
அந்தப் பள்ளம் ஏன் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே விளையாட்டு உதவித்தொகை என்று தனியாக எதுவும் கிடையாது. எல்லா மாணவருக்கும் படிப்புச் செலவு அரசுடையது, பதிலுக்கு முடித்ததும் குறைந்தது 5 ஆண்டு ராணுவப் பணி. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். கனவோடு இருக்கும் 18 வயதுப் பையனுக்கு அது பெரிய யோசனை. முதுகலைப் படிப்பு இல்லாததால், பட்டம் முடித்த ஆட்டக்காரரை ஓர் ஆண்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் வழி அடைபட்டது. வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தவரானாலும் இங்கே முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 320 பவுண்டு லைன்மேன் அதிகாரியாகப் பொறுப்பேற்குமுன் ராணுவம் சொல்லும் உடல் அளவுக்குள் வந்தாக வேண்டும், அதனால் அப்படிப்பட்ட உடம்பை வளர்ப்பதே வீண்பாடு. 270 பவுண்டில் வேகமாக எழுந்து மோதத் தெரிந்தவன் போதும் என்கிற ஆட்டமுறை இவர்களுக்குப் பொருந்திப் போனதில் வியப்பில்லை.

லைன்மேன் 72:
பிசகும் இடங்களைச் சொல்கிறேன். முதல் இடம் அந்த வயிற்றுப் பிடி. பி-பேக் இரண்டு கையாலும் பந்தை இறுக்கிவிட்டால் குவார்ட்டர்பேக்கால் உருவ முடியாது, இருவரும் இழுக்கப் பந்து தரையில் விழும். லேசாக மூடி, பந்து தன்னிடமே தங்குகிறது என்று உணர்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் இதைத் திரும்பத் திரும்பச் செய்வது அதனால்தான்.

இரண்டாவது, பக்கவாட்டில் தட்டும் பந்து. முன்னே வீசிய பாஸ் கீழே விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும். இது பின்னோக்கிப் போவதால் கீழே விழுந்தாலும் ஆட்டம் தொடரும், யார் எடுத்தாலும் அவருடையது. மழை நாளில் இந்தத் தட்டலைக் குறைத்து பி-பேக் ஓட்டத்தை அதிகமாக்குவார்கள்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது ஸ்னாப்புக்கு முன்பே அசைந்ததற்கு 5 யார்டு பின்தள்ளும் தண்டனை. 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். ஓட்டத்துக்கு மூன்று நான்கு யார்டு சேர்த்து, நான்காவது டவுனிலும் துணிந்து ஓடி முன்னேறும் அணி இது. முதல் டவுனிலேயே போக வேண்டியது 15 யார்டு என்றாகிவிட்டால் கணக்கு உடைந்து, பழக்கமில்லாத பாஸுக்குப் போக வேண்டியிருக்கும். இரண்டு டச்டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) பின்தங்கினாலும் இதே கதிதான்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு பருவ முடிவில் நடந்த 2004 எமரால்டு பவுல் ஆட்டத்தைப் பாருங்கள். நியூ மெக்சிகோவுக்கு எதிராக நேவி ஒரு முறை பந்து கைக்கு வந்ததும் அதை விடாமல் 26 முறை ஆடி, 14 நிமிடம் 26 நொடி பந்தை வைத்திருந்தது. 2018இல் ஓக்லஹோமா மண்ணில் ஆர்மி 44 நிமிடம் 41 நொடி பந்தை வைத்திருந்தது, கூடுதல் நேரத்தில்தான் 28-21 என்று தோற்றது. ஓக்லஹோமாவின் கைலர் மர்ரி போன்ற குவார்ட்டர்பேக்கை ஓரத்தில் உட்கார வைப்பதைவிட நல்ல தடுப்பாட்டம் வேறில்லை.

பயிற்சிக்களம்:
எதிர்த்து ஆடுபவர்கள் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். ஒரு வாரத்தில் உருப்படியான பயிற்சி மூன்று நாள்தான் கிடைக்கும். நம் இரண்டாம் அணியை ஆப்ஷன் ஆடச் சொன்னால் அந்த வேகம் வராது, ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை முதல் இரண்டு முயற்சியிலேயே தடுப்பணி திகைத்துப்போகும். அதற்கு மருந்து, பந்தே இல்லாமல் பயிற்சி செய்வது. பந்து இல்லை என்றால் யாரும் பந்தைத் துரத்த மாட்டார்கள். ஒருவன் பி-பேக்கை விழுத்துவான், ஒருவன் குவார்ட்டர்பேக்கை, ஒருவன் ஏ-பேக்கை. கையில் பந்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கூடாது. ஒருவன் தன் வேலையை விட்டு அடுத்தவனுக்கு உதவப் போனால் அந்த இடத்தில்தான் 60 யார்டு ஓட்டம் கிளம்பும்.

காலடியில் விழுந்து மோதும் கட் பிளாக்குக்குப் பழக, பெரிய ரப்பர் பந்துகளைக் காலை நோக்கி உருட்டிவிடுவார்கள். இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளிவிட்டுக் காலைப் பின்னுக்கு எடுக்க வேண்டும்.

குவார்ட்டர்பேக்கைக் குழப்ப ஒரு வழி உண்டு. முதல் ஆள் உள்ளே பாய்வான், அதைப் பார்த்து அவர் பந்தை உருவுவார், பின்னாலிருந்து சுற்றி வந்த லைன்பேக்கர் அங்கே காத்திருப்பான். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் அவர்கள் அந்த லைன்பேக்கருக்கென்றே ஒரு தடுப்பாளரை ஒதுக்கிவிடுவார்கள். சேஃப்டி ஓட்டத்தைத் தடுக்க ஆவலாக முன்னே வர ஆரம்பித்ததும், அதே ஏ-பேக் அவரைத் தாண்டி நேராக ஓடிப் பாஸ் பிடிப்பார். ஆட்டத்தில் பத்தே பாஸ் வீசினாலும் அதில் ஒன்று டச்டவுன் ஆவது இப்படித்தான்.

ஹட்சன்கரை:
கட் பிளாக் பற்றி ஒரு திருத்தம். 2022இலிருந்து இடுப்புக்குக் கீழே மோதுவதை டேக்கிள் பெட்டிக்குள் மட்டும்தான் விதி அனுமதிக்கிறது, அதாவது சென்டருக்கு இரு பக்கமும் 5 யார்டுக்குள். ஓரத்தில் ஏ-பேக்கும் ரிசீவரும் ஓரத்துத் தடுப்பாளரான கார்னர்பேக்கின் காலை வெட்டி விழுத்திய காலம் போய்விட்டது. 175 பவுண்டு ஆள் தன்னைவிடப் பெரியவனை நிமிர்ந்து நின்று தள்ள வேண்டியிருக்கிறது, அதனால் வெளியே தட்டும் ஆட்டம் மெலிந்துவிட்டது.

இதற்காகவே ஆர்மி 2023இல், குவார்ட்டர்பேக் சென்டரை விட்டுச் சில யார்டு பின்னால் நிற்கும் ஷாட்கன் பக்கம் போனது. அது ஒட்டவில்லை. 2024இல் பழையபடி சென்டருக்கு அருகே வந்து, குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லியையே இடிக்கும் ஓட்டக்காரராக ஆக்கினார்கள். அவர் அந்தப் பருவத்தில் 32 டச்டவுன் ஓடினார், அணி 12 வெற்றியோடு தான் ஆடும் கல்லூரி லீக்கான அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் பட்டத்தையும் வென்றது. அதே ஆண்டு நேவி விங்-டி என்ற இன்னொரு ஓட்ட முறையைக் கலந்து ஆடி, ஆர்மியை 31-13 என்று வென்றது. ஆப்ஷன் செத்துவிட்டது என்று எழுதியவர்கள் அந்த இரண்டு அணிகளின் 2024 ஆட்டங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது டவுன்:
விளக்கத்துக்கு நன்றி அண்ணா. ஆர்மியும் நேவியும் மோதும்போது மட்டும் புள்ளிகள் ஏன் இவ்வளவு குறைவு? நேரில் போனால் எங்கே உட்காரலாம்?

அன்னாபொலிஸ்வாசி:
மற்ற அணிகளுக்கு மூன்று நாளில் கற்பிக்க வேண்டியதை இவர்களின் தடுப்பணிகள் ஆகஸ்ட் முதல் தினமும் தங்கள் அணியிடமே பார்க்கின்றன. போதாததற்கு இரண்டு பேரும் கடிகாரத்தைக் கரைப்பவர்கள், ஒரு பாதியில் நாலைந்து முறைதான் பந்து கைக்கு வரும். 2020இல் ஆர்மி 15-0 என்று வென்றது. 2022இல் வழக்கமான நேரம் 10-10இல் முடிந்து, அந்தத் தொடரில் முதன்முறையாகக் கூடுதல் நேரம் வந்தது. ஆர்மி 20-17 என்று வென்றது.

இருக்கைக்கு, கோல்போஸ்டுக்குப் பின்னால் மேல் அடுக்கு நல்லது தம்பி. லைன்மேன்களின் இடைவெளியும் சும்மா விட்ட ஆளும் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். ஆட்டம் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள், இரண்டு அகாடமி மாணவர்களும் அணிவகுத்து மைதானத்துக்குள் வருவதைப் பார்க்க வேண்டும். முடிந்ததும் வாகன நெரிசலுக்குப் பயந்து எழுந்துவிடாதீர்கள். இரண்டு அணியும் சேர்ந்து முதலில் தோற்ற அகாடமியின் மாணவர்கள் முன் நின்று அவர்கள் பாடலையும், பிறகு வென்றவர்கள் பக்கம் போய் அவர்கள் பாடலையும் பாடுவார்கள். இரண்டாவதாகப் பாட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஆண்டு முழுக்கப் பயிற்சி.