டொல்பின் வான், ஓட்டோ கியர் ஒயில் ஒழுகுது. கூலர் பைப் முழுசா மாத்தோணுமோ?

வல்வை வான்காரன்:
வணக்கம் அண்ணையாக்கள். என்னட்ட 93ஆம் ஆண்டு ரொயோட்டா ஹயஸ் டொல்பின் நிக்குது, டீசல், ஓட்டோ கியர். அப்பா வாங்கினது, விக்க மனமில்லை. ரெண்டு கிழமையா விடிய எழும்பிப் பாத்தா முத்தத்து மண்ணில உள்ளங்கையளவு சிவப்பா ஒயில். கீழ படுத்துப் பாத்தன், கியர் ஒயிலை ஆத்த கியர்பொக்ஸில இருந்து றேடியேற்றருக்குப் போற ரெண்டு இரும்புக் கூலர் பைப்பும் கறள் பிடிச்சுக் கிடக்கு, வீடு கடற்கரைப் பக்கம் தானே, அதில ஒண்டு றப்பர் ஹோஸ் ஏறுற இடத்தில ஈரம். போன ஞாயிறு கிளிநொச்சி போகேக்க ஆனையிறவு தாண்டினாப்பிறகு மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்துது வண்டி இழுக்கேல்ல, நிப்பாட்டி அரை லீற்றர் ஒயில் விட்டாப்பிறகு தான் போச்சு. கராச்சில கேட்டா கறளை வெட்டிப்போட்டு பெற்றோல் ஹோஸ் போட்டு கிளிப் இறுக்கினாக் காணுமாம். இன்னொராள் கூலரே வேண்டாம், ரெண்டு பைப்பையும் ஒண்டாக் கொழுவிவிடு எண்டுறார். என்ன செய்ய?

மானிப்பாய் றைவர்:
தம்பி முதல்ல அது கியர் ஒயில் தானோ எண்டு பாரும். உந்த வானுக்குப் பவர் ஸ்ரியறிங்குக்கும் அதே சிவப்பு ஒயில் தான், நான் ஒருக்கா கூலர் பைப் எண்டு நினைச்சு ரெண்டு நாள் மினக்கெட்டு கடைசியில ஸ்ரியறிங் ஹோஸ். மண்ணெண்ணெய்த் துணியால எல்லாத்தையும் துடைச்சுப்போட்டு கீழ காட்போட் மட்டை ஒண்டை விரிச்சு, பத்து நிமிசம் ஸ்ரார்ட்டில விட்டுப் பாரும். இன்ஜின் ஓடேக்க தான் பம்ப் தள்ளும், நிண்ட வண்டியில மிச்சம் தான் சொட்டும்.

கொக்குவில் பழைய கைகாரன்:
ஒண்டாக் கொழுவுற கதையை விடும், அந்தாளுக்கு விசர். ஓட்டோ கியரில சூடு கூட வாறதே ரோர்க் கொன்வேர்ட்டரால, இன்ஜின் சுத்தை ஒயிலால கியருக்குக் குடுக்கிற சாமான் அது. அந்தச் சூட்டை ஆத்தத்தான் றேடியேற்றரின்ர அடித்தாங்கிக்குள்ள இருக்கிற கூலருக்கால ஒயிலை விட்டெடுக்கிறது. எங்கட வெயிலில கூலர் இல்லாம ஓடினா ஒயில் கருகி கியர்பொக்ஸுக்குள்ள இருக்கிற கிளச் பிளேற் போயிடும், பிறகு பைப் காசு இல்லை, கியர்பொக்ஸ் காசு.

பெற்றோல் ஹோஸும் வேண்டாம். சூட்டு ஒயிலுக்குக் கொஞ்ச நாளில விறைச்சு வெடிக்கும். ஓட்டோ கியர் கூலர் ஹோஸ் எண்டே கேட்டு வாங்கும், பழைய துண்டைக் கையோட கொண்டுபோம், உள்ளளவு சரியா இருக்கோணும். பைப்பை வெட்டினா நுனியில முந்தி இருந்த மாதிரி வளையம் எழுப்பாம ஹோஸ் ஏத்தாதையும், எவ்வளவு கிளிப் இறுக்கினாலும் வழுக்கிக் கழரும். வாளால அறுத்தா இரும்புத்தூள் உள்ள போகும், பைப்பைக் கழட்டி காத்தடிச்சுக் கழுவிப்போட்டுத் தான் பூட்டோணும். ஆனா நீர் சொல்லுற கறளுக்கு ரெண்டையும் மாத்துறது தான் புத்தி, இண்டைக்கு ஒட்டினா நாளைக்குப் பக்கத்தில ஓட்டை விழும்.

செப்புப் பைப் வளைச்சுத் தாறம் எண்டும் சொல்லுவாங்கள். நானும் போட்டனான், எட்டு மாசம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டு ஏறி ஸ்ரார்ட் பண்ண, வளைவில வெடிச்சு றோட்டெல்லாம் சிவப்பு. ஆட்டத்துக்குச் செப்பு விறைச்சுப் போகும் தம்பி.

மானிப்பாய் றைவர்:
அண்ணை சொன்னதோட இன்னொண்டு, றேடியேற்றர் பக்க நட்டைக் கழட்டேக்க ரெண்டு ஸ்பனர் பிடியும், ஒண்டால தாங்கியின்ர நட்டைப் பிடிச்சுக்கொண்டு மற்றதால திருப்போணும், இல்லாட்டி தாங்கியே முறுகிக் கிழியும். முதல் நாளே கறள் ஒயில் அடிச்சு ஊற விடும். இன்ஜின் ஆறினாப்பிறகு றேடியேற்றர் மூடியையும் திறந்து பாரும், தண்ணி றோஸ் மில்க் மாதிரி நிண்டா பைப் மாத்திப் பிரயோசனமில்லை, றேடியேற்றருக்குள்ள இருக்கிற கூலர் ஓட்டையாகி ஒயிலும் தண்ணியும் கலந்திட்டுது.

வல்வை வான்காரன்:
மட்டை போட்டுப் பாத்தன் அண்ணை, ரெண்டு இடத்தில சொட்டு! பெரிசு கூலர் பைப், சின்னன் ஸ்ரியறிங் ஹோஸ். றேடியேற்றர் தண்ணி பச்சையா நல்லா இருக்கு. கொழும்பு பஞ்சிகாவத்தையில, பழைய வாகனச் சாமான் கடையில கறள் இல்லாத பழைய பைப் சோடி இருக்காம், மச்சான் வெள்ளிக்கிழமை பஸ்ஸில போட்டு விடுறான். பூட்டினாப்பிறகு ஒயில் எப்பிடி அளக்கிறது?

கொக்குவில் பழைய கைகாரன்:
ஓடிச் சூடாக்கி, சமதரையில ஸ்ரார்ட்டிலயே விட்டு, பிறேக்கை மிதிச்சுக்கொண்டு எல்லாக் கியரையும் ஒருக்காப் போட்டு எடுத்து, பார்க்கில வைச்சு கியர் ஒயில் அளக்கிற ஸ்ரிக்கை இழுத்துப் பாரும். ஒயில் அதில இருக்கிற சூட்டுக் கோட்டில நிக்கோணும். கூட விட்டாலும் நுரைச்சுக் கெடுக்கும், கொஞ்சம் கொஞ்சமா விடும். வெள்ளிக்குப் பைப் வரும்வரைக்கும் கிளிநொச்சிப் பக்கம் போகாதையும்.